தொட்டி வண்டியை நான் விற்கவில்லை

அந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். மற்றவர்கள் எல்லாரும் அவருக்குப் பிறகு சொன்னவர்கள். அவர்களோடு சண்டை போட்ட மாதிரி அவரோடு என்னால் போட முடியவில்லை. வண்டி அவருடையது. இத்தனை நாள் ஓட்டியவரும் அவர். இனி ஓட்ட முடியாது என்று ஆனதும் அவருக்குத்தான்.

நான் பிரசவம் பார்ப்பவள். ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, அதன்பின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவந்தேன். பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லார் வாயிலும் அதே பெயர்தான். என் கணவர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். டாக்டர்களுக்கும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் பொறுப்பு.

ரப்பர் விலை விழுந்த காலத்தில், வேலை போய்க் கப்பலேறிய ஒரு தோட்டத்து வெள்ளைக்காரரிடமிருந்து அவர் அந்த வண்டியை வாங்கினார். இடப்பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு சைட் கார் ஒட்டியிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி மாதிரி அது இருந்ததால் எங்கள் தெருவில் தொட்டி வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது. காலையில் மருந்துப் பெட்டிகள் தொட்டியில் போகும். பிரசவத்துக்கு ஆள் வந்தால் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நான் என் பையோடு ஏறிக்கொள்வேன். மைல் காட்டும் பெட்டியின் எண்கள் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன என்று விற்றவரே சொல்லித்தான் விற்றார். எங்களிடம் வந்த பிறகு அது இன்னொரு முறை சுற்றியது. அன்றைக்கு என் கணவர் ஆயர் ஈத்தாம் ரோட்டில் வண்டியை நிறுத்தி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எல்லாம் பூஜ்யமாக இருந்தது. எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்க வேண்டும் என்ற கவலை.

அவருக்கு அடிபட்டது வண்டியால் அல்ல. இதை நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு பலபேர் வண்டிதான் அவர் காலை வாங்கியது என்று கதை கட்டினார்கள். கடையின் பின்கட்டில் அடுக்கியிருந்த மரப்பெட்டிகள் சரிந்து வலது முழங்காலில் விழுந்தன. எலும்பு கூடியது. ஆனால் கால் மடங்கவில்லை. கடைக்காரர் நல்லவர், அவரை உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார். ஆனால் வலது காலால் உதைத்துத்தான் அந்த எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அந்தக் கால் அவரிடம் இல்லை.

மூன்று மாதம் வண்டி வீட்டுப் பக்கச் சந்தில் கோணிச்சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

"வித்துடலாம்," என்றார் ஒருநாள். "நின்னே துரு ஏறிப்போகும். கெழட்டு வண்டி."

நான் சோறு வடிக்க எழுந்து போனேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வாங்க ஆள் வந்துவிட்டார். ரொட்டி சுடும் சீனர் ஒருவர். தொட்டியைக் கழற்றிவிட்டு அங்கே ரொட்டிப் பெட்டி வைக்க வேண்டும் என்றார். எஞ்சினைத் தட்டிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், மைல் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். ரொம்பக் குறைவாகத்தான் கேட்டார். என் கணவர் சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கணவரின் அண்ணன் கூடவே இருந்தார். "நல்ல வேலை செஞ்ச தம்பி. சனியன் தொலைஞ்சுது," என்று சொல்லி, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

நடுவில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஜெலுத்தோங்கைத் தாண்டிப் பால் மாடு வைத்திருந்தவர்கள் குடியிருப்பிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். மனைவிக்கு வலி கண்டு நேரமாகிவிட்டது, தலைப்பிரசவம். அவளை இரண்டு தரம் பார்த்திருந்தேன். நல்ல ஆரோக்கியமான பெண். உடனே ரிக்‌ஷா பிடித்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தார் ரோடு முடிந்ததும் ரிக்‌ஷாக்காரர் நின்றுவிட்டார். சக்கரம் சேற்றில் புதையும், மேலே வரமாட்டேன் என்றார். அவர்மேல் தப்பில்லை. நானும் அந்த மனிதரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். நடந்தோம் என்ன, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து போனோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. சுற்றியிருந்த பெண்கள் அதைத் தொடப் பயந்து மிஸ்ஸி வரட்டும், மிஸ்ஸி வரட்டும் என்று காத்திருந்தார்கள். நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஆண் குழந்தை. மூச்சு வரவில்லை. தாயைக் காப்பாற்றினேன், அது என் கையில் இருந்த வேலை, செய்தேன்.

கை கழுவ வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் மாமியார் தண்ணீர் ஊற்றினார். அவர் குரலில் குறை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மிஸ்ஸி, அந்த டப்டப் வண்டி எங்கம்மா? அது ரோடு பாக்காம எங்கேயும் வருமே."

அந்த வண்டி இந்தச் சேற்றிலும் வந்திருக்கும். எத்தனையோ முறை வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அங்கே வர அதற்குக் கால் மணிகூட ஆகாது. அது சந்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது, ரொட்டிக்காரருக்காக.

சாயந்தரம் கணவர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்.

"வண்டிய விக்க வேணாங்க."

"வாக்குக் குடுத்தாச்சு."

"நீங்க குடுத்தீங்க. நான் போயி வேணாம்னு சொல்லிட்டு வரேன்."

"வெச்சிக்கிட்டு என்ன பண்ண? யாரு ஓட்டுவா?"

"நான்."

அவர் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை. நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். காலையில் நடந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "கிளட்ச் ரொம்ப இறுக்கமா இருக்கும். உன் கை தாங்குமா?" என்று கேட்டார்.

"தலை மாட்டிக்கிட்ட புள்ளைய இழுத்து எடுக்குற கைங்க இது."

சனிக்கிழமை ரொட்டிக் கடைக்கு நானே போனேன். வாக்கு மாறுவது தப்புதான், அதை ஒப்புக்கொண்டேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, கையில் மாவோடு வந்து நின்று, மலாயில் கத்தினார். பெட்டி செய்ய ஆசாரியிடம் சொல்லிவிட்டாராம். பெண் பிள்ளை அந்த வண்டியை ஓட்டப் போகிறாள் என்று கேட்டதும் கோபம் போய்க் கேலி வந்தது. "ஒரு மாசம் பொறு மிஸ்ஸி. நீயே தள்ளிக்கிட்டு வருவே. அப்ப பாதி விலைதான்."

"ஒரு மாசம் கழிச்சு நீங்க வாங்க, தவுக்கே. தள்ளிக்கிட்டு வரேனா, ஓட்டிக்கிட்டு வரேனான்னு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டத்தோ கிராமட் ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். அவரும் சீனர், ஒரு காது கேட்காது. எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனில் இருக்கும் வளையங்களை எனக்குக் காட்டினார். தேய்ந்து காகிதம்போல ஆகியிருந்தன. "சாகல. வயசாச்சு, அவ்வளவுதான்," என்றார். வளையத்தை மாற்றினார். பிளக்கை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர், நான் ஏன் கேட்கிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவரிடம் எனக்கு மரியாதை.

அடுத்த சிக்கல் சேலை. எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் போய் வெள்ளை டிரில் துணியில் கால்சட்டை ஒன்று கேட்டேன்.

"யாருக்கு அளவு எடுக்கணும்?"

"எனக்குத்தான்."

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அளவுக்கயிற்றை என் கையில் கொடுத்து, "நீங்களே எடுத்துச் சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்," என்றார். கால்சட்டைக்கு மேலே சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே தூக்கிக் கட்டி, முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகினேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெளியே போயிருக்கமாட்டேன்.

தண்ணீர்மலை ரோட்டில் காலை வெளிச்சம் வந்ததும் பழகப் போவோம். தைப்பூசத்துக்கு மட்டும்தான் அந்த ரோட்டில் கூட்டம். மற்ற நாளில் அந்த நேரத்துக்கு ஆளே இருக்காது. அதுவரை நான் உட்கார்ந்துவந்த தொட்டியில் என் கணவர் ஏறி, மடங்காத காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொள்வார். நான் சீட்டில்.

பெட்ரோல் விரலில் நனையும்வரை கார்புரேட்டர் குமிழை அமுக்க வேண்டும். பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போடும் நெருப்பு நெம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மறந்துவிட்டு உதைத்தால் கிக்கர் திரும்பி அடிக்கும். இரண்டாம் நாள் மறந்துவிட்டேன். கெண்டைக்கால் நீலம் பாரித்துப்போனது. மூன்றாம் நாள் வண்டி ஓடியது, ஆனால் நான் சொன்ன பக்கம் போகவில்லை. தொட்டி ஒட்டிய வண்டி வேகம் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், வேகத்தைக் குறைத்தால் வலப்பக்கம் தள்ளும். இதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. அவருக்கு உடம்பில் ஊறிப்போன விஷயம், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையாம். ஒரு பங்களாவின் செம்பருத்தி வேலிக்குள் போய் நின்றோம். அவர் தலையிலெல்லாம் பூ.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"நீ பிரேக்கைப் பிடிப்பேன்னு நெனச்சேன்."

"பிரேக்கு எங்க இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது."

வேலியை ஒதுக்கிவிட்டு மறுபடி கிளப்பினேன். அன்றைக்கு அவர் திட்டவில்லை. ஆனால் நான் தப்பு செய்தபோதெல்லாம் அவருடைய நல்ல கால், இல்லாத பிரேக்கை அழுத்தியது.

விஷயம் கணவரின் அண்ணன் காதுக்குப் போக நாளாகவில்லை. ஒரு சாயந்தரம் வந்து உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். அவர் என்னோடு பேசவில்லை, தம்பியோடு பேசினார்.

"மார்க்கெட் ஸ்ட்ரீட்டு முழுக்கப் பேச்சா இருக்குடா தம்பி. உன் சம்சாரம் கால விரிச்சு மோட்டார் ஓட்டுறாளாம். நம்ம வீட்டுப் பொம்பள. நாளைக்கு என் பொண்ண யாரு கட்டுவா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எதிர்பார்த்ததுதான். அண்ணன் முன்னால் அவர் வாய் திறந்ததே கிடையாது.

"அத்தான், என்கிட்டயே சொல்லுங்க," என்றேன்.

அவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. "பொம்பளகிட்ட எனக்கு என்னடா பேச்சு."

"சரி, நான் பேசுறேன். உங்க மூணு பிள்ளைகளையும் வெளிய எடுத்தது நான்தான். ரெண்டாவது பிள்ளைக்கு இந்த வண்டியிலதான் வந்தேன். அன்னிக்கு வண்டி நல்ல வண்டி. ஆம்பள ஓட்டினா கௌரவம், நான் ஓட்டினா மானம் போயிடுமா? ஒரு குழந்தை செத்துப்போச்சு அத்தான். நான் நடந்து போனதால செத்துப்போச்சு. இன்னொண்ணு அப்படிச் சாகக் கூடாது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டு என்ன வேணா பேசட்டும்."

அவர் எழுந்தார். "இந்த வண்டி இந்த வாசல்ல நிக்குற வரைக்கும் நான் இங்க வரமாட்டேன்டா," என்று தம்பியிடம் சொன்னார். போய்விட்டார். என் கணவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

லைசென்ஸ் வாங்கப் போன நாள் மட்டும் இன்றைக்கும் மணிக்கு மணி ஞாபகம் இருக்கிறது. பரீட்சை வைக்கும் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். நான் தாளை நீட்டியதும், கணவருக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்து, அவரே நேரில் வர வேண்டும் என்றார். எனக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் கற்ற இங்கிலீஷில் சொன்னேன். பெண்கள் கார் ஓட்டுவது உண்டு, மோட்டார் சைக்கிள் வழக்கமில்லை என்றார். வழக்கமில்லை என்பது புரிகிறது, கூடாது என்று விதி இருக்கிறதா என்று கேட்டேன். என் கணவர் கடை முதலாளியிடம் கேட்டு வாங்கி அந்த விதிப் புத்தகத்தை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டியிருந்தார். அதிகாரி தன் மேஜையில் இருந்ததைப் புரட்டினார். ரொம்பப் பொறுமையாகப் புரட்டினார். நான் அதைவிடப் பொறுமையாக நின்றேன். கடைசியில் மூடி வைத்துவிட்டு, ஒரு மலாய்க் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுத் தொட்டியில் ஏறச் சொன்னார்.

அந்தக் கான்ஸ்டபிள் என்னைவிடப் பயந்திருந்தார். இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். கடலோரமாகப் போய், கோட்டைப் பக்கம் திரும்பி வர வேண்டும். போகும்போது சரியாகவே போனேன். திரும்பும்போது ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. நிறுத்தினேன். எஞ்சின் நின்றுவிட்டது.

உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். ரிக்‌ஷாக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள். யாரோ தமிழில், "புடவைய அவுத்துட்டு ஒதச்சாத்தான் கெளம்பும்," என்றான். கூட்டம் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் இதே மாதிரி சிரிப்பை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், பயிற்சிக் காலத்தில் முதல் பிரசவம் பார்க்கப் போன வாசலில். அன்றும் திரும்பிப் போகவில்லை.

இறங்கினேன். பையைத் திறந்து ஸ்பானரை எடுத்துப் பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோலில் நனைந்திருந்தது. பிரசவப் பையில் இருந்த பஞ்சால் துடைத்து, ஊதி, காயவைத்து மாட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை இப்போது. என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தார்கள். நெம்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரு உதை. பிடித்துக்கொண்டது.

சொன்னவன் எங்கே நின்றான் என்று தேடிப் பார்த்து, "புடவை கட்டிக்கிட்டே கெளம்பிடுச்சு தம்பி," என்றேன். அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது.

அலுவலகத்தில் அதிகாரி கான்ஸ்டபிளைப் பார்த்தார். அவர் தொட்டியிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போலே, துவான்," என்றார். முடியும், ஐயா. அவ்வளவுதான் அவர் சொன்னது.

ரொட்டிக்கடைத் தவுக்கே கெடு முடிந்தும் வரவில்லை. ஒருநாள் நானே வண்டியில் அவர் கடை வாசலில் போய் நிறுத்தி, இரண்டு ரொட்டி வாங்கினேன். வேறொரு பழைய வண்டி வாங்கிவிட்டாராம். அது என்னுடையதைவிட மோசம் என்று மெக்கானிக் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவரும் என் காசை எண்ணாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எத்தனையோ வருஷம் ஓட்டினேன். தனியாகப் போகும்போது தொட்டி லேசாகி, இடப்பக்கம் திரும்பினால் மேலே தூக்கிவிடும். அதனால் அதில் எப்போதும் ஒரு மூட்டை மணல் இருக்கும். பிள்ளைகள் கல்லெறிந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வரச் சொன்னார்கள். வாசல்வரை வண்டி வரும், இல்லையென்றால் நானும் வரமாட்டேன் என்றேன். வலி ஏறியதும் சம்மதித்தார்கள். ஆயர் ஈத்தாம் மலையடிவாரக் காய்கறித் தோட்டங்கள், சுங்கை பினாங்குக் குடிசைகள், கப்பலில் வண்டியை ஏற்றி அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம்வரைகூடப் போயிருக்கிறேன். எல்லாக் குழந்தையையும் காப்பாற்றினேன் என்று சொல்லமாட்டேன். வர நேரமாகிவிட்டது என்று மட்டும் பிறகு எந்த வீட்டிலும் நான் சொல்லவில்லை.

கணவரின் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடைசிவரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. எங்களுக்கு அழைப்பு வரவில்லை. என் கணவர் அதற்காக வருத்தப்பட்டார், எனக்கு அது தெரியும். ஒருநாள் நானாகவே கேட்டேன், என்மேல் கோபமா என்று. "அண்ணன் இல்லாம இருக்க முடியலதான்," என்றார். "ஆனா அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். நீ பேசினத நான் பேசியிருக்கணும்."

வருஷத்துக்கு ஒருவராவது வந்து, இந்தப் பழைய இரும்பை எதற்கு வைத்திருக்கிறாய், விற்றுத்தொலை என்று சொல்லாமல் இருந்ததில்லை. மெக்கானிக் சிலிண்டரை இரண்டாம் முறை கடைந்தபோது அவரே கையை விரித்தார். இனிமேல் கடைய இதில் இரும்பு இல்லை, உதிரியும் இந்த ஊரில் கிடைக்காது என்றார்.

"அதே மாதிரி வண்டி வேற எங்கயாவது கெடக்குதா, செத்ததா இருந்தாலும் பரவாயில்ல?" என்று கேட்டேன்.

அவர் கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு மாதத்தில், அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு பட்டறைக் கொல்லையில் கிடந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். டயரும் விளக்கும் இல்லை, ஆனால் சிலிண்டர் முழுசாக இருந்தது. கப்பலிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் சந்தில் இறக்கினோம். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் நின்று பார்த்தார். ஒன்றுக்கே தெரு தாங்கவில்லை, இப்போது இரண்டா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் கணவரும் அதைப் பிரித்தோம். அவர் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைத்தார். நான் முழங்கைவரை கறுப்பு. மத்தியானம் ஜெலுத்தோங்கிலிருந்து ஒருவர் வந்து சந்து முனையில் நின்று, மிஸ்ஸி இருக்காங்களா என்று கேட்டார். கையில் இருந்த போல்ட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, சவர்க்காரம் தேடி எழுந்தேன்.